விலக்கியும் போகாத கோல் நித்ரே

யோம் கிப்பூர் நாளில் யூதர்கள் சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்து பாவமன்னிப்பு வேண்டுவது பலரும் அறிந்ததே. நோன்பு தொடங்கும் மாலையில், யூத வேதமான தோராவின் சுருள்களை ஏந்தியபடி மூன்று முறை பாடப்படும் கோல் நித்ரேயின் கதை அவ்வளவாகத் தெரியாது. அதில் வேண்டுதல் இல்லை, கடவுளின் பெயர்கூட இல்லை. கடவுள் முன் செய்துகொண்ட சபதங்கள் செல்லாது என்று அரமேய மொழியில் அறிவிக்கும் சட்டவாசகம் அது!

9ஆம் நூற்றாண்டில், இன்றைய ஈராக்கில் இருந்த சூரா கல்விக்கூடத்தின் தலைவர் அம்ராம் காவோன் இதை மூடவழக்கம் என்று கண்டித்தார். ஆனால் ஸ்பெயின் யூதர்கள் கேட்டு அவர் அனுப்பிய வழிபாட்டு நூலின் பிரதிகளில் கண்டனத்தோடு வாசகமும் சேர்ந்தே வந்தது. எதிர்த்தவரின் நூலே அதற்கு வாகனமாயிற்று.

12ஆம் நூற்றாண்டு பிரான்சில் ரபேனு தாம் என்ற யூத அறிஞர், போன ஆண்டுச் சபதங்களை இப்படிப் பொதுவாக ரத்து செய்ய முடியாது என்று வாதாடி, வரும் ஆண்டின் சபதங்களுக்குப் பொருந்துமாறு வாசகத்தை மாற்றச் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் மதகுரு ரோதன்பர்க் மெய்ர், பாவிகளோடு சேர்ந்து வழிபட அனுமதி தரும் அறிவிப்பை முன்னால் சேர்த்தார். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இதுதான். தவறு செய்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு மன்னிப்பு நாளைத் தொடங்குவது எப்படி?

பழியும் கூடவே வந்தது. 1240இல் பாரிஸில் நடந்த மத விவாதத்தில், கிறித்தவராக மாறிய நிக்கோலஸ் டோனின் இதைக் காட்டி யூதரின் சத்தியத்தை நம்ப முடியாது என்றார். மனிதருக்கு மனிதர் கொடுத்த வாக்கை இது தொடாது என்பதே யூத மதகுருக்களான ரபிகளின் விளக்கம். ஆனாலும் ஐரோப்பிய நீதிமன்றங்கள் பல நூற்றாண்டுகள் யூதர்களுக்கென்றே இழிவான தனிப் பிரமாணம் வைத்திருந்தன. இந்த அவப்பெயருக்கு அஞ்சியே 1844இல் பிரவுன்ஷ்வைக் நகரில் கூடிய சீர்திருத்த ரபிகள் வாசகத்தைக் கைவிடத் தீர்மானித்தார்கள்.

ஆனால் அது பாடப்படும் மெட்டை யாராலும் கைவிட முடியவில்லை. புராட்டஸ்டன்ட் கிறித்தவரான இசையமைப்பாளர் மாக்ஸ் புரூக், பெர்லின் ஜெபாலயப் பாடகர் லிக்டென்ஸ்டைன் மூலம் அதை அறிந்து, 1880இல் செல்லோவுக்கான படைப்பாக்கினார். 1927இல் வெளிவந்த 'தி ஜாஸ் சிங்கர்' பேசும்படத்தில் பாடகர் ஆல் ஜோல்சன் கோல் நித்ரேயைப் பாடினார். நாஜிகளால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க், 1938இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கோல் நித்ரே எழுதினார். பிற்காலத்தில் சீர்திருத்தச் சபைகளே வாசகத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டன.

புரூக்கின் படைப்பு பத்து நிமிடம்தான் வரும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.