நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம்

போன தை மாதம் காரைக்காலில் ஒரு பழைய பாரில் உட்கார்ந்து ஜேம்சன் குடித்தேன். அயர்லாந்து விஸ்கி. டப்ளினில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் கூட்டிப்போனான். "சித்தப்பா, தண்ணி ஊத்தாம முதல்ல ஒரு வாய் நாக்குல வச்சிப் பாருங்க." வைத்தேன். தொண்டையை அறுக்கவில்லை. தானிய வாசம், பின்னாலேயே தேன் மாதிரி லேசான இனிப்பு. மூன்று முறை காய்ச்சி வடித்து, குறைந்தது மூன்று வருஷம் மரப்பீப்பாயில் போட்டு வைப்பார்களாம்.

"மூணு வருஷமா? எங்க தாத்தாவுக்கு மூணு மணி நேரமே ஜாஸ்தி" என்றேன்.

தாத்தா பொறையாற்றுக்காரர், நெல் வண்டி ஓட்டியவர். 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது எங்கள் பக்கத்துக் கள்ளுக்கடைகளும் போயின. ஆனால் நண்டலாற்றைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் சீமை. 1739-ல் அவர்கள் கைக்குப் போன காரைக்கால், தஞ்சாவூர் ஜில்லாவின் வயல்களுக்கு நடுவே தனித்தீவாகக் கிடந்தது. 1954 நவம்பர் 1-ல் கொடி மாறியது, கடை மூடவில்லை. புதுச்சேரிக்குச் சட்டம் வேறு. அதனால்தான் இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒருவர் "காரைக்கால் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றால், திருநள்ளாற்றுச் சனீஸ்வரனுக்கா வேறு எதற்கா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தாத்தா போனது கள்ளுக்கு. தென்னம்பாளையைக் கட்டி, நாள்தோறும் தட்டிக்கொடுத்து, நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டியை மாட்டுவார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காலையில் இறக்கியது இனிக்கும். பொழுது ஏற ஏறப் புளித்துக் கடுக்கும். மொந்தையை முகர்ந்தே எப்போது இறக்கியது என்று சொல்லிவிடுவாராம். எறும்பு மிதக்காத கள்ளை நம்பாதே என்பது அவர் கட்சி. மரத்திலிருந்து நேராக வந்தது என்பதற்கு எறும்புதான் சாட்சி. டப்ளின்காரன் கோப்பையைச் சுழற்றி முகர்ந்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது.

அயர்லாந்துக்கும் நமக்கும் இன்னொரு உறவு உண்டு. பையன் சொல்லித்தான் தெரியும். ஏனியஸ் காஃபி என்று அங்கே ஒரு கலால் அதிகாரி. கள்ளச்சாராயம் பிடிக்கிற உத்தியோகம். அவர் 1830-ல் ஓயாமல் வடித்துக்கொண்டே இருக்கும் நெடுந்தூண் கொதிகலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் வருவதற்கு ருசி இல்லை என்று அயர்லாந்து வடிசாலைக்காரர்களில் பெரும்பாலோர் ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் கப்பென்று பிடித்துக்கொண்டு முன்னே போய்விட்டார்கள். நான் குடித்த ஜேம்சனிலேயே இப்போது பாதிக்கதை அந்த வகைக் கலத்தில் வடிக்கும் சரக்குதான். சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து நம் ஊர் மலிவு விஸ்கிக்கு ஸ்பிரிட் எடுப்பதும் அதன் வாரிசுகளில்தான். அதில் பார்லியைத் தேடாதீர்கள். நிறமும் எசென்சும் சேர்ந்தால் பெயர் விஸ்கி.

தமிழ்நாட்டில் 1971-ல் கடை திறந்தார்கள், 1974-க்குள் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987-ல் கள்ளுக்குப் பூட்டு விழுந்தது. அந்தப் பூட்டு இன்னும் திறக்கவில்லை. 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே வந்தது. மரத்தில் ஊறுவதைத் தடுத்துவிட்டு, ஆலைக் கழிவில் வடிப்பதை அரசாங்கமே விற்கிறது. இது எனக்கு விளங்காத கணக்கு. நான் குடியை ஆதரித்துப் பேசவில்லை; அதில் அழிந்த குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு.

மறுநாள் காலை காரைக்காலிலேயே ஒரு கள்ளுக்கடைக்கு அவனை அழைத்துப்போனேன். மொச்சைச் சுண்டலோடு ஒரு மொந்தை. ஒரு வாய் வைத்து முகம் சுளித்தான்; இரண்டாவது வாய்க்குப் பேசாமல் இருந்தான்; மூன்றாவதற்கு மொந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

போகிறவர்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள். திரும்பும்போது பையில் புட்டி வேண்டாம். சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்ப்பார்கள்.