ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கேமராவும்

ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் கம்பெனி பஸ்கள் பறக்கிற வட்டாரம் ஸ்ரீபெரும்புதூர். போகிற வழியில் ராஜீவ் நினைவிடத்தைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் ஜர்னலிசம் படிக்கிற பிள்ளை இருந்தால், ஒருநாள் அங்கே அழைத்துப்போய் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன். நான் கேட்டேன். என்ன கேள்வி என்று அப்புறம் சொல்கிறேன்.

1991 மே 21. ராத்திரி பத்து மணி தாண்டித்தான் ராஜீவ் காந்தி அங்கே வந்து சேர்ந்தார். அவரோடு காரில் இரண்டு பெண் நிருபர்கள். 'நியூயார்க் டைம்ஸ்' பார்பரா கிராஸெட், 'கல்ஃப் நியூஸ்' நீனா கோபால். வழியெல்லாம் பேட்டி. ராஜீவின் கடைசிப் பேட்டி அதுதான்.

மைதானத்தில் இன்னொரு 'நிருபர்' காத்துக்கொண்டிருந்தார். வெள்ளை குர்தா, பைஜாமா, கையில் நோட்டு. சிவராசன்! ஏன் அந்த வேஷம்? நோட்டும் கேமராவும் கையில் இருந்தால் நம் ஊரில் கூட்டம் தானாக வழிவிடும். நிஜ நிருபர்கள் பல வருஷம் வெயிலில் அலைந்து சம்பாதித்த மரியாதை அது. அதைத் திருடி உடுத்திக்கொண்டு வந்திருந்தார் அந்த ஆள்.

கூடவே ஹரிபாபு. இருபதுகளில் இருந்த போட்டோகிராபர். படமெடுக்க அவரைக் கூட்டிவந்தது சிவராசன்தான் என்று பின்னால் புலனாய்வில் தெரிந்தது. குண்டு வெடித்ததில் ஹரிபாபுவும் செத்துப்போனார். (வெடிக்கும் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு பக்கத்தில் நின்றிருப்பாரா?) கேமரா பிழைத்துவிட்டது. உள்ளே பத்துப் படங்கள். மாலையோடு தணு, சற்றுத் தள்ளி வெள்ளை உடை ஆசாமி, கடைசிப் படத்தில் நெருப்பு. அந்த ஃபிலிம் சுருள்தான் வழக்குக்கே முதல் துப்பு. படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஆகஸ்டில், பெங்களூர் கோணனகுண்டேயில் போலீஸ் வளைத்த வீட்டில் சிவராசன் கதை முடிந்தது.

இப்போது கேள்வி: ஹரிபாபு பத்திரிகையாளரா?

அதற்கு முன்னால் மாணவர்களிடம் வேறு என்னவெல்லாமோ பேசிப் பார்த்திருந்தேன். சிலருக்கு டி.வி-யில் முகம் தெரிய வேண்டும். சிலருக்குச் சொந்தமாக யூடியூப் சேனல். 'நடுநிலை' என்றதும், "அதெல்லாம் சும்மா சார்" என்று சிரித்தார்கள். இந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. "உண்மையான படம்தானே எடுத்தாரு? பத்திரிகையாளர்தான்" என்றான் ஒருவன். பின்வரிசைப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "படம் பொய் சொல்லலை சார். ஆனா யாருக்காக எடுக்கறார்னு ராஜீவுக்குத் தெரியாதே!"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அதே வட்டாரத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சொன்னேன்.

2021 டிசம்பர். ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 159 பேர் ஆஸ்பத்திரியில். சிலர் செத்துவிட்டார்கள் என்று செல்போனில் வதந்தி பறந்தது. கூட வேலை செய்தவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா? நம்பும்படி பதில் வராமல், ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையில் யாரும் சாகவில்லை. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைதானார். ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டில் கட்டிலாகப் பார்த்து, திரும்பி வந்து சொல்கிற ஒரு ஆளைத்தான் அந்தப் பெண்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றேன்.

"அன்னிக்கு அவங்க எந்த ஆஸ்பத்திரியில இருந்தாங்க சார்?" என்று கேட்டாள் பின்வரிசைப் பெண்.