பூஞ்சேரிப் பாறையும் போலிக் கடிகாரமும்

போலிக் கைக்கடிகாரம் கட்டுகிறவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கல்யாண வீட்டில் மணிக்கட்டைச் சற்றே முன்னால் நீட்டி, நாலு பேர் ஏமாந்தால் போதும் என்றிருப்பவர் ஒரு ரகம். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு ரகம் உண்டு. ரோலக்ஸின், ஒமேகாவின் நகலை நகல் என்று தெரிந்தே தேடி வாங்கி, தம்மைப் போன்றவர்களோடு கூடி அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள். செங்கல்பட்டில் என் நண்பர் ஒருவர் இந்த ரகம். அவரிடம் 14 கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூட அசல் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஏமாற்ற ஆளில்லாத இடத்தில் ஏமாற்றுச் சரக்கை வைத்துக்கொண்டு ரசிப்பது என்ன வகை ரசனை என்பதுதான் என் கேள்வி.

அவர் பேசுவதைக் கேட்டால் பாடபேதம் பார்க்கும் பழைய பதிப்பாசிரியர் ஞாபகம் வரும். ரோலக்ஸில் தேதியின் மேல் ஒட்டியிருக்கும் குமிழ்க்கண்ணாடி எண்ணை இரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். மலிவான நகல்களில் அது ஒன்றரை மடங்கோடு நின்றுவிடுகிறது. கண்ணாடியில் 6 மணிக்கு மேல், வெறுங்கண்ணுக்கு ஏறக்குறைய எட்டாத சிறு கிரீடம் ஒன்று உண்டு. நகலில் அது பட்டவர்த்தனமாகத் தெரியும். டேட்டோனா என்ற மாடலின் முகப்பில் மூன்று சிறு வட்டங்கள். அசலில் அவை ஓட்டப் பந்தய நேரத்தை அளக்கப் பயன்படுபவை. தரங்குறைந்த நகலில் அதே வட்டங்கள் கிழமையையும் தேதியையும் 24 மணி நேரத்தையும் காட்டிக்கொண்டிருக்கும். உருவம் வந்துவிட்டது, காரியம் வரவில்லை. (நம் புதுக்கவிதைகளில் சிலவற்றின் படிமங்களும் இப்படிச் சம்பந்தமில்லாத எதையோ காட்டிக்கொண்டிருப்பவைதான். அது வேறு கட்டுரை.) ஒரு கவிதையை இத்தனை நெருக்கத்தில் வாசிக்கும் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆனால் இந்த வாசிப்பு முழுவதும் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. பொருள் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. அதுபோலவே இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

இந்த விவகாரத்தில் இன்று நீதிபதி ஸ்தானத்தில் உட்கார்ந்திருப்பது ஸ்விஸ் கடிகாரத் தொழில். அதன் பூர்வாசிரமம் சுவாரஸ்யமானது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயர்ந்த கடிகாரம் என்றால் லண்டன் கடிகாரம்தான். ஜெனீவாப் பக்கத்துப் பட்டறைகள் தங்கள் கடிகாரங்களில் ஸாம்ஸன், டார்ட்ஸ், வில்டர் என்று ஆங்கிலப் பெயர்களைப் பொறித்து, கீழே லண்டன் என்றும் போட்டு அனுப்பின. டச்சு வியாபாரிகள் கையில் புழங்கியதால் இவற்றுக்கு 'டச்சுப் போலிகள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாவம், டச்சுக்காரர்கள். மூடியைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: பாலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் தகடு இங்கிலாந்து வேலையில் ஒரு காலில் நிற்கும், இவற்றில் இருபுறமும் ஊன்றிப் பாலம்போல் நிற்கும். இன்று அந்தப் போலிகளே ஒரு தனி இனமாகச் சேகரிக்கப்படுகின்றன. ஸ்விஸ் என்ற சொல்லே பிற்பாடு விலையுள்ள சொத்தாகி, அதைக் காக்க அந்த நாட்டில் சட்டம் வந்தது. 2017 முதல், உற்பத்திச் செலவில் 60 சதவிகிதமாவது அங்கே ஆகியிருந்தால் ஒரு கடிகாரம் ஸ்விஸ். மிச்சம் 40 எந்த ஊராகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் கடிகாரத்தின் மேல் விழுந்த சந்தேகம் வேறு மாதிரியானது. 1962-ஆம் வருஷச் சுங்கச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, தங்கத்தோடு சேர்த்துக் கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடத்தல் சரக்கு என்று நியாயமாக நம்பி அதிகாரி அதைக் கைப்பற்றினால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருந்தவன் பொறுப்பு. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1961-ல்தான், ஜப்பானின் ஸிட்டிஸன் கம்பெனி ஒத்துழைப்போடு எச்.எம்.டி. பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியிருந்தது. 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தையொட்டி பர்மா பஜார் வந்தது. என் தகப்பனார் தலைமுறையில் அங்கே போனவர்கள் கேட்ட கேள்வி "அசலா?" என்பதல்ல, "ஃபாரினா?" என்பதுதான். முகப்பில் இருந்த எழுத்தே அத்தாட்சி. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது 2016-ல். அதன் பழைய இயந்திரங்கள் பல, முகப்பைச் சுரண்டிப் புது வர்ணமும் புதுப் பெயரும் ஏற்றிக்கொண்டு, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. அவர்கள் இவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலியாகவும் கொஞ்சம் பிரியமாகவும் அழைக்கிறார்கள்.

இதில் சட்டம் எதைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். ஈ.டி.ஏ. 2824 என்ற ஸ்விஸ் இயந்திரம் எத்தனையோ கம்பெனிக் கடிகாரங்களுக்குள் ஓடுகிறது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. தியான்ஜினில் உள்ள ஸீகல் தொழிற்சாலை அதை அப்படியே நகலெடுத்துச் செய்கிறது, பகிரங்கமாக. அதில் குற்றமேதுமில்லை. காப்புரிமைக்கு ஆயுள் 20 வருஷம். வணிகப் பெயரையோ பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு யுகாந்த காலம்வரை வைத்துக்கொள்ளலாம். நமது 1999-ஆம் வருஷச் சட்டப்படி, பொய்ப் பெயர் போட்ட சரக்கை விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம்வரை சிறை. அதாவது, மனிதன் மூளையும் விரலும் சேர்ந்து செய்த இயந்திரம் பொதுச்சொத்து. முகப்பில் உள்ள ஐந்தெழுத்து தனிச்சொத்து. வங்கியில் கள்ளநோட்டு வந்தால் முத்திரை குத்திப் பறிமுதல் செய்துவிடுகிறோம். கொண்டுவந்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. அது சரிதான். நோட்டு என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதி பொய்யானால் மிஞ்சுவது காகிதம். கடிகாரம் அப்படியல்ல. பெயர் பொய்யான பிறகும் அது மணி காட்டிக்கொண்டிருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போனால், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் பூஞ்சேரி. அங்கே ஒரு பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் இருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான், கொல்லன் சேமகன். இவர்கள் கல்வேலைக்காரர்கள் என்று கருதப்படுகிறது. ஊருக்கு வெளியே, யாரும் நின்று பார்க்காத இடத்தில் இவர்கள் பெயர்கள். தர்மராஜ ரதத்தின் மேலோ ராஜாவின் பட்டப்பெயர்கள் வரிசையாக. அவை எந்த ராஜாவுடையவை என்பதில்கூட உடன்பாடு இல்லை. முதலாம் நரசிம்மன் காலத்தவை என்பது பழைய கட்சி. எல்லாம் ராஜசிம்மன் செய்தவையே என்று இரா. நாகசாமி 1962-ல் வாதிட்டார். நாம் வழங்கும் பாண்டவர் பெயர்களோ சுத்தப் பொய். திரௌபதி ரதத்துக்குள் நிற்பது துர்க்கை.

அந்த ரதங்களும் நகல்கள்தாம். திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசையின் கூரை. பீம ரதத்தின் கூடுகளில் மர உத்திரங்களின் முனைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கல்லுக்கு உத்திரம் எதற்கு? டேட்டோனா நகலின் மூன்று வட்டங்களைப் போலவே காரியமற்ற உருவங்கள். ஆனால் மரத்தைக் கல்லில் எழுதியவன் மரம் என்று சாதிக்கவில்லை. நகலெடுத்தபோது அவனுக்கு வேறு ஒரு பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்த மல்லுக்கட்டில்தான் சிருஷ்டி நடந்தது. மரக்கோயில்கள் மக்கிப் போய்விட்டன. ஒப்பிட்டுப் பார்க்க அசல் கிடையாது.

இதை நண்பரிடம் சொன்னேன். பெயரே போடாத முகப்போடு, அதே ஸீகல் இயந்திரம், அதே எஃகில் கடிகாரம் கிடைக்கிறதே, அதை ஏன் நீங்கள் ஒன்றுகூட வாங்கவில்லை என்றும் கேட்டேன். வேலைப்பாட்டை ரசிப்பதாக அவர் சொல்வது உண்மையானால் அதுவல்லவா போதும்? அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

"ரோலக்ஸ்னு ஒரு ஆள் இருந்தானா சார்?" என்றார்.

இல்லை. ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர் 1905-ல் லண்டனில் கடை வைத்து, ஸ்விஸ் இயந்திரங்களை வாங்கிப் பெட்டிக்குள் பொருத்தி விற்றார். அவர் வியாபாரி; கடிகாரம் செய்தவர் அல்ல. எந்த பாஷைக்காரனும் உச்சரிக்கச் சுலபமாக ஒரு சொல்லைக் கட்டி 1908-ல் பதிவு செய்துகொண்டார். இயந்திரம் வந்தது பீல் நகரத்து ஏக்லர் என்ற குடும்பத்துப் பட்டறையிலிருந்து. அந்தப் பட்டறையை ரோலக்ஸ் விலைக்கு வாங்கியது 2004-ல்தான். அதுவரை உள்ளே ஓடியது வேறொருவர் வேலை, வெளியே இருந்தது ஒரு கற்பனைச் சொல். அசலிலும் பெருந்தச்சன் பெயர் இல்லை என்பது நண்பரின் வாதம். பெயரில்லாத கடிகாரத்தை அவர் ஏன் வாங்குவதில்லை என்பதற்கு இது பதிலாகாது. ஆனால் என்னாலும் இதை ஒதுக்கிவிட முடியவில்லை.

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பின்மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் தேதியையோ தன் குறியையோ கீறிவைப்பார்கள், அடுத்த முறை திறப்பவன் பார்ப்பதற்காக. நண்பரின் 14-ல் இரண்டில் அப்படிக் கீறல்கள் இருக்கின்றன. குமிழ்க்கண்ணாடியின் உருப்பெருக்கத்தை இரண்டு முறை அளந்து காட்டிய அவர், இவற்றை எனக்குக் காட்டவில்லை. மூடி திறந்திருந்தபோது நானாகப் பார்த்ததுதான்.