காலுறையின் தையலும் பூவேலையும்



ரிங்லெட் மலைக்குளிரில் நம் பிள்ளைகள் அணியும் காலுறைகளில் கோடும் பூவும் கட்டமும் காண்கிறோம். இவை எவ்வாறு தோன்றின என வினவினால், அவ்வரலாற்றில் தையல் ஒன்று மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது.

மிகப் பழைய வண்ணக் காலுறைகளுள் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. எகிப்தில் கிடைத்த அது, ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தை அணிந்தது. வார்ச்செருப்புக்கு ஏற்பப் பெருவிரலுக்குத் தனியிடம் விட்டிருக்கிறார்கள். மூன்றே தாவரச் சாயங்களைக் கலந்து ஏழு நிறங்களை உண்டாக்கியிருப்பது 2018இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. நூலை முதலிலேயே சாயமிட்டுக் கோடுகளாகப் பின்னிய முறை இது.

ஐரோப்பாவில் முற்காலத்துக் காலுறைகள் பெரும்பாலும் துணியை வெட்டித் தைத்தவை. கணுக்காலில் ஒரு முக்கோணத் துண்டை ஒட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தத் தையலை மறைக்கப் பட்டு நூலால் பூவேலை செய்தனர். 'கிளாக்' என்பது அதன் பெயர். பின்னற்காலுறை வந்து ஒட்டுத் தேவையற்றுப் போன பின்னரும் பூ மட்டும் நிலைத்துவிட்டது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் இணையுமிடம் கோபுர வரிசையாக மலர்வதை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

1589இல் வில்லியம் லீ என்பவர் நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கைப்பின்னலால் பிழைக்கும் ஏழைகள் கெட்டுவிடுவர் என்றஞ்சி எலிசபெத் அரசியார் உரிமம் மறுத்தார் என்பர். அப்பொறி தட்டையாகவே பின்னும்; ஆகவே காலின் பின்புறம் தையல் வந்தது. 1759இல் ஜெடிடையா ஸ்ட்ரட் அதனுடன் மற்றொரு ஊசி வரிசையைச் சேர்த்து, மேடும் பள்ளமுமான வரிப்பின்னலுக்கு உரிமம் பெற்றார். கண்ணிகளைப் பக்கத்து ஊசிக்கு மாற்றித் துளைப்பூ வேலையும் செய்தனர்.

பின்னர் முதலாளிகள் சிலர் அகலமான துணியைப் பின்னி, வெட்டித் தைத்து, மலிவாக விற்கலாயினர். அத்தையல் விரைவில் பிரிந்தது. தொழிலின் நற்பெயரும் கூலியும் வீழ்ந்தன. 1811இல் நாட்டிங்காம் தொழிலாளர் பொறிகளை உடைத்தனர். லுட்டைட்டுகள் எனப்பட்ட அவர்களை இயந்திரத்தின் பகைவர் என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது. பலர் தலைமுறையாகப் பொறியில் உழைத்தவர்களே! பொறியுடைப்புக்கு 1812இல் தூக்குத் தண்டனைச் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசினார்.

தையலற்ற குழாய்ப்பின்னலுக்கு வழிகாட்டிய வட்டப்பொறிக்கு மார்க் புருனெல் 1816இல் உரிமம் பெற்றார். திருப்பூர்ப் பனியன் துணி குழாயாக வருவது அவ்வகைப் பொறியில்தான். எனினும் கால் வடிவுக்குப் பொருந்தியவை தட்டையாகப் பின்னித் தைத்தவையே. எனவே பின்தையல் உயர்ந்த காலுறையின் அடையாளமாயிற்று.

இரண்டாம் உலகப்போரில் பட்டும் நைலானும் போர்த்தேவைகளுக்குச் சென்றன. காலுறை கிடைக்காத பிரிட்டிஷ் பெண்கள் தேநீராலோ குழம்புக்கு நிறமூட்டும் பொடியாலோ கால்களுக்கு வண்ணம் பூசி, புருவ மையெழுதும் கோலால் பின்புறம் நேர்க்கோடு வரைந்தனர். இல்லாத தையலை வரைந்துகொண்ட அந்நாளில், தேயிலையும் அங்கே ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் என 1940 ஜூலை முதல் பங்கீட்டில் இருந்தது.