ஆசிரியன் குரலும் அச்சு நூலும்: 1952ஆம் ஆண்டின் ஓர் ஒலிப்பதிவு

நூலொன்றை அதன் ஆசிரியனே வாசிக்கக் கேட்டல் முற்காலத்தில் வியப்புக்குரிய செயலன்று. புலவன் தன் நூலை அவையோர் முன் அரங்கேற்றிய காலத்தில் நூல் என்பதும் குரல் என்பதும் வெவ்வேறு பொருள்களாகக் கருதப்படவில்லை. அச்சியந்திரம் வாசகனைத் தனி அறையில் இருத்தியது; ஆசிரியனை அட்டையின் மீது பொறிக்கப்பட்ட பெயராக ஒதுக்கியது. பிரிந்த இவ்விரண்டையும் ஒலிப்பதிவு மீண்டும் இணைத்தது என்று பொதுவாகக் கூறுவர். எனினும், அவ்விணைப்பு எத்தகைய நிபந்தனைகளின் கீழ் நிகழ்ந்தது, எவருடைய முயற்சியால் நிகழ்ந்தது என்பன ஆராயப்பட வேண்டியவை. நியூயோர்க் நகரில் 1952ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி நடைபெற்ற ஓர் ஒலிப்பதிவு இவ்வாராய்ச்சிக்கு நல்லதொரு களமாகும். அன்று ஒலிவாங்கியின் முன் நின்றவர் டிலன் தோமஸ் என்னும் வேல்ஸ் நாட்டுக் கவிஞர்.

ஒலிப்பதிவுக் கருவியை 1877இல் ஆக்கிய தோமஸ் அல்வா எடிசன், அதன் பயன்களைப் பட்டியலிட்டு மறு ஆண்டு எழுதிய கட்டுரையில் கண்பார்வையற்றோர்க்கான பேசும் நூல்களையும் சேர்த்திருந்தார். நோக்கம் பெரிதாயிருந்தபோதும் கருவி சிறிதாகவே இருந்தது. மெழுகு உருளையொன்றில் அடங்கியது ஏறத்தாழ இரண்டு நிமிடப் பேச்சே. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டனில் ஓவியர் ஒருவரின் இல்லத்து விருந்தில், முதிய கவிஞரான றொபேட் பிறவுணிங் இக்கருவியின் முன் தமது கவிதையொன்றைச் சொல்லத் தொடங்கினார். சில அடிகள் சென்றதும் தாமே இயற்றிய வரிகள் அவருக்கு மறந்துவிட்டன. வருத்தந் தெரிவித்துத் தம் பெயரை உரத்துக் கூறி முடித்தார். அவ்வாண்டு டிசம்பர் 12ஆந் திகதி அவர் வெனிஸ் நகரில் காலமானார். ஓராண்டு நிறைவில் நண்பர்கள் கூடி அவ்வுருளையை இயக்கிக் கேட்டனர். இறந்த மனிதர் ஒருவர் தம் மறதிக்காக மன்னிப்புக் கோருவதை அவர்கள் கேட்டிருப்பர். ஆசிரியனின் குரல் பதிவு எப்பொழுதும் ஆசிரியனுக்குப் பெருமை சேர்ப்பதன்று என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டியதில்லை.

உருளையின் இடத்தைத் தட்டு பெற்ற பின்னரும் கால அளவு பெரிதாக மாறிவிடவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடங்களே அடங்கின. பாட்டொன்றுக்கு அது போதும். நெடுங்கவிதைக்கோ சிறுகதைக்கோ போதாது. இக்குறையை முதலில் வென்றவர்கள் இலாபம் நாடிய இசைத்தட்டு நிறுவனத்தினர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. 1930களின் நடுப்பகுதியிலேயே அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பார்வையற்றோர் நலச் சங்கங்கள் மெதுவாகச் சுழலும் நெடுநேரத் தட்டுகளில் முழு நூல்களைப் பதிவு செய்து வழங்கின. பிரித்தானியாவில் 1935இல் வெளிவந்த முதல் நூல்களுள் அகதா கிறிஸ்ரியின் துப்பறியும் நாவலொன்றும் யோசெப் கொன்றாட்டின் கடற்கதையொன்றும் இருந்தன. ஆனால் அமெரிக்கப் பதிப்பாளர்கள் இத்தட்டுகளுக்கு அனுமதி அளித்தபோது, அவை பார்வையற்றோர்க்கன்றிப் பிறர்க்கு விற்கப்படலாகாது என்று நிபந்தனை விதித்தனர். அதனால் கேட்கும் நூல் என்பது நெடுங்காலம் ஒரு தரும காரியமாகவே கருதப்பட்டது. பொதுமக்கள் கையில் நெடுநேர இசைத்தட்டு வந்து சேர்ந்தது 1948இல், கொலம்பியா நிறுவனம் அதனை அறிமுகஞ் செய்தபோதே. நிமிடத்துக்கு 33 1/3 முறை சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் பேசவல்லது. ஏறத்தாழ அதே காலத்தில் காந்த ஒலிநாடாவும் அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்தது. தவறு நேரின் நாடாவை வெட்டி ஒட்டலாம்; பிறவுணிங்குக்கு நேர்ந்தது இனி எவர்க்கும் நேர வேண்டியதில்லை.

கருவிகள் இவ்வாறு ஆயத்தமாயிருந்தும், எழுத்தாளரின் குரலை விற்பனைப் பொருளாக்கும் துணிவு பெரிய நிறுவனங்களுக்கு வரவில்லை. ஹாவாட் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் கவிஞர் சிலரின் குரல்களைப் பதிந்து வைத்திருந்தன. அவை ஆவணக் காப்பின் நோக்கில் செய்யப்பட்டவை. அத்துணிவு கொண்டவர்கள் ஹண்டர் கல்லூரியில் பயின்று வெளியேறிய இரு பெண்கள். பார்பரா கோஹன், மரியான் றோனி என்னும் அவ்விருவருக்கும் அப்பொழுது வயது 22. முதலாமவர் பதிப்பகமொன்றிலும் மற்றவர் இசைத்தட்டு நிறுவனமொன்றிலும் பணியாற்றியவர்கள். அவர்கள் திரட்டிய முதல் 1,500 டொலர்.

1952இன் தொடக்கத்தில் டிலன் தோமஸ் தமது இரண்டாவது அமெரிக்கப் பயணத்தை மேற்கொண்டிருந்தார். நியூயோர்க்கில் அவர் கவிதை வாசித்த கூட்டத்திற்கு இவ்விருவரும் சென்று, ஒலிப்பதிவு குறித்துக் குறிப்பொன்றை அவருக்கு அனுப்பினர். அதில் தம் முழுப் பெயரை எழுதாது முதலெழுத்துகளை மட்டும் இட்டனர். பெண்கள் என்று தெரிந்தால் வணிக முயற்சியாக மதிக்கப்படாது என்ற அச்சமே அதற்குக் காரணம். பட்டதாரிகளான இரு பெண்கள் தம் பெயரை மறைத்தே தொழில் தொடங்க வேண்டியிருந்தமை அக்கால அமெரிக்கச் சமூகம் பற்றியும் ஒன்றைச் சொல்கிறது. கவிஞரை நேரிற் பிடித்தல் எளிதாயிருக்கவில்லை. அவர் தங்கியிருந்த செல்சி ஹோட்டலுக்கு அதிகாலை ஐந்து மணியளவில் தொலைபேசி அழைப்பு விடுத்த பின்னரே அவர் குரல் கேட்டது. இரவுக் கேளிக்கை முடித்து அவர் அறை திரும்பும் வேளை அதுவாகும்.

உடன்பாட்டின் தன்மை இங்கு முக்கியமானது. முதல் 1,000 பிரதிகளுக்கு 500 டொலர் முற்பணம், அதன்மேல் விற்பனையாகும் பிரதிகளுக்குப் பத்து வீதம் உரிமைத்தொகை என்பதே ஏற்பாடு. இது பாடகனுக்கோ நடிகனுக்கோ கொடுக்கும் ஒரு நாட் கூலி அன்று. நூலாசிரியனுடன் பதிப்பாளன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் வடிவமே. குரலும் ஒரு நூலே என்ற கொள்கை முதலில் இலக்கியத் திறனாய்வில் தோன்றவில்லை, இவ்வொப்பந்தத் தாளிலேயே தோன்றியது என்று கூறினும் பொருந்தும். வாழ்நாள் முழுவதும் கடனிலும் வரிப் பாக்கியிலும் உழன்ற தோமசுக்கு அப்பணம் எத்துணை வேண்டப்பட்டது என்பது அவர் வரலாறு அறிந்தார்க்கு விளக்க வேண்டாதது.

ஒலிப்பதிவு ஸ்ரைன்வே மண்டபத்தில் நடைபெற்றது. கருவிகளை இயக்கியவர் பீற்றர் பார்ட்டொக். ஹங்கேரிய இசைமேதை பேலா பார்ட்டொக்கின் மைந்தர். கிராமத்து மக்களின் பாடல்களை உருளைகளிற் பதிந்து திரட்டிய தந்தையின் மகன், கவிஞனின் குரலைப் பதியும் பொறியியலாளராக அங்கு இருந்தமை தற்செயலே ஆயினும் நினைக்கத்தக்கது. தோமஸ் தாம் வாசிக்க விரும்பிய கவிதைகளுடன் வந்திருந்தார். 'பேர்ண் ஹில்', மரணப் படுக்கையிலுள்ள தந்தையை நோக்கிய புகழ்பெற்ற கவிதை ஆகியன உட்பட ஐந்து கவிதைகள் பதிவாயின. அவை தட்டின் ஒரு பக்கத்துக்கே போதுமானவை. மறுபக்கத்துக்கு என்ன செய்வது என்ற வினா எழுந்தது. சஞ்சிகையொன்றுக்குத் தாம் எழுதிய நத்தார்க் கதையொன்று உண்டென்று தோமஸ் அப்பொழுது நினைவுகூர்ந்தார். 1950இல் 'ஹாப்பர்ஸ் பசார்' என்னும் பெண்கள் சஞ்சிகையில் வெளிவந்தது அது. அவ்விதழின் பிரதி தேடிப் பெறப்பட்டது. வெற்றிடத்தை அது நிரப்பியது.

'வேல்ஸில் ஒரு குழந்தையின் நத்தார்' என்று உலகெங்கும் அறியப்படும் ஆக்கம் அதுவே. சஞ்சிகையின் பழைய இதழில் மறைந்து போகக்கூடியதாயிருந்த அது, தட்டின் மறுபக்கம் வெறுமையாயிருந்த காரணத்தாலேயே நிலைபேறு பெற்றது. தனி நூலாக அது அச்சேறியது 1954இல், அதாவது தட்டு வெளிவந்து இரண்டு ஆண்டுகளின் பின்னரே. இலக்கிய வரலாற்றில் தொழில்நுட்பத்தின் பங்கு யாது என வினவுவார்க்கு, இருபது நிமிட வெற்றிடம் ஒன்று ஓர் உரைநடை ஆக்கத்தைக் காப்பாற்றிய இச்செய்தியே விடையாகும்.

இதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. அவ்வாக்கத்தின் தொடக்கம் அச்சில் இல்லை. 1945இல் பிபிசியின் வேல்ஸ் பிரிவுச் சிறுவர் நிகழ்ச்சிக்காகத் தோமஸ் எழுதிய வானொலிப் பேச்சே அதன் வித்து. பின்னர் 1947இல் 'பிக்சர் போஸ்ற்' இதழில் உரையாடல் வடிவில் வந்த இன்னொரு கட்டுரையுடன் இணைந்து 1950இன் சஞ்சிகை வடிவத்தைப் பெற்றது. ஆகவே, ஒலிவாங்கிக்கென எழுதப்பட்டது அச்சுக்குச் சென்று ஒலிவாங்கிக்கே மீண்டது. வாய்மொழி முதலிலும் எழுத்து பின்னரும் எனப் பாடநூல்கள் வகுக்கும் நேர்கோடு இங்குப் பொருந்துவதாயில்லை.

தோமசின் குரல் குறித்து எழுதியோர் அதன் கம்பீரத்தைப் பாராட்டி அமைவர். வரலாற்று மாணவன் வேறொன்றையும் அதிற் கேட்டல் வேண்டும். 1914இல் சுவான்சி நகரிற் பிறந்த தோமசின் பெற்றோர் இருவரும் வெல்ஷ் மொழி பேசுவோர். தந்தை ஆங்கில ஆசிரியர். மக்களுக்கு வெல்ஷ் மொழி கற்பிக்கப்படவில்லை. மாறாக, உச்சரிப்பைச் செம்மைப்படுத்தும் தனி வகுப்புக்கு மகன் அனுப்பப்பட்டான். முன்னேற்றத்திற்கு வழி ஆங்கிலமே, அதிலும் உயர்ந்தோர் பேசும் ஆங்கிலமே என்ற நம்பிக்கையின் விளைவு இது. இத்தகைய நம்பிக்கை இலங்கை வாசகர்க்குப் புதியதன்று. வேல்ஸ் நாட்டுச் சிறுவனின் நத்தார் நினைவுகளை ஒலித்தட்டு சொல்லும்போது, சுவான்சித் தெருவின் பேச்சொலி அதிற் கேட்பதில்லை; பயிற்சியால் மெருகேறிய ஆங்கில ஒலியே கேட்கிறது. தேவாலயப் பிரசங்கிகளின் ஏற்ற இறக்கம் அதனடியில் ஓடுகிறது என்பர். அச்சுப் பக்கத்தில் இவ்விரு பண்புகளும் மறைந்திருக்கும். ஒலிப்பதிவின் பெறுமதி அது ஆசிரியனின் உள்ளத்தைத் திறந்து காட்டுவதில் இல்லை. வர்க்கமும் மொழியும் ஒருவன் தொண்டையில் ஏற்படுத்திய மாற்றத்தை ஆவணமாக்குவதிலேயே உண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆசிரியன் வாசித்த முறையே கவிதையின் சரியான முறை என்று கொள்வாருமுளர். அதனை ஏற்பதற்கில்லை. தட்டைக் கேட்ட பின்னர்த் தோமசின் கவிதையை வேறெவ்வாறும் மனத்துள் வாசிக்க இயலாதவாறு அக்குரல் வாசகனைக் கட்டிப்போடுகிறது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனம் கேட்டோர், செய்யுளை ஒருவர் இசையுடன் படிக்க மற்றொருவர் பொருள் விரிப்பதை அறிவர். அங்கு நூல் எவருடைய ஒரு குரலுக்கும் உரிமையானதன்று. அச்சுப் பக்கத்தின் மௌனத்திலும் அவ்வகைச் சுதந்திரம் ஒன்று உண்டு.

தட்டு 1952 ஏப்ரல் 2ஆந் திகதி வெளியாயிற்று. நிறுவனத்துக்கு அவ்விரு பெண்களும் இட்ட பெயர் 'கட்மன்'. ஏழாம் நூற்றாண்டில் விற்பி மடாலயத்து மாட்டுத்தொழுவில் வேலைசெய்த, எழுத்தறியாத ஒருவனின் பெயர் அது. விருந்தில் யாழ் தன் முறைக்கு வரும்போது பாடத் தெரியாது எழுந்து சென்ற அவன், கனவில் கட்டளை பெற்றுப் பாடினான் எனப் பீட் என்னும் துறவி எழுதிவைத்தார். ஆங்கில மொழியில் பெயரறியப்பட்ட முதற் கவிஞனாக அவன் கருதப்படுகிறான். அவன் பாட்டு எஞ்சியதும் எழுத்தறிந்த பிறர் பதிந்தமையாலேயே. பெயர்த் தேர்வில் காணப்படும் கல்வி நயம் அவ்விருவரின் தகைமைக்குச் சான்று. தோமசின் தட்டு 1960 அளவில் நான்கு இலட்சத்துக்கு மேல் விற்பனையாகியது; எலியற், ஓடன், புறொஸ்ற், போக்னர் ஆகியோரின் குரல்களும் அதே நிறுவனத்தின் தட்டுகளில் வெளிவந்தன. 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தோமசின் பதிவைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிற் சேர்த்தது. பெயரை முதலெழுத்துகளுள் மறைத்த பெண்களுள் மரியான் 2023இலும் பார்பரா 2025இலும், இருவரும் தொண்ணூறு வயதைக் கடந்து, காலமாயினர்.

கவிஞருக்கு அத்தகைய ஆயுள் வாய்க்கவில்லை. ஸ்ரைன்வே மண்டபத்து ஒலிப்பதிவுக்கு ஏறத்தாழ இருபது மாதங்களின் பின், 1953 நவம்பர் 9ஆந் திகதி, நியூயோர்க் மருத்துவமனையொன்றில் தமது 39ஆவது வயதில் அவர் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னர், மே 14ஆந் திகதி, 'அண்டர் மில்க் வூட்' என்னும் அவருடைய குரல் நாடகம் அதே நகரில் நடிகர்களுடன் அரங்கேறியது. திரை விலகுவதற்குச் சிறிது முன்வரை அவர் வரிகள் எழுதிக்கொண்டிருந்தார். மேடைத் தரையில் வைக்கப்பட்டிருந்த ஒற்றை ஒலிவாங்கி அன்றைய நிகழ்ச்சியை நாடாவில் ஏற்றியது. கட்மன் நிறுவனம் அதனையும் தட்டாக்கியது. தோமஸ் அதன் பின்னரும் நாடகத்தைத் திருத்தினார். 1954 ஜனவரியில் பிபிசி அதனை ஒலிபரப்பியபோது முதற் குரலைப் பேசியவர் றிச்சட் பேர்ட்டன். அதே ஆண்டில் அச்சில் வந்த நாடகமும் மேடைத் தரையிலிருந்து பதிவான நாடகமும் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கவில்லை.