வஞ்சி மரம்

வேலந்தாவளத்துக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிப்பதை நம் காலனிக் குடும்பங்கள் நன்கறியும். அவ்வெல்லைப் பகுதியை ஒட்டி ஏதேனும் எழுதுக எனச் சங்கத்தார் பணித்தனர். இரு மொழிக்கும் உரிய மரமொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

சங்க நூல்களில் வஞ்சி என்பது, பகைவர் நாட்டின்மேற் படையெடுப்போர் சூடிய பூ. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலும் அஃது உண்டு. சேரர் தலைநகரின் பெயரும் அதுவே. அந்நகர் கருவூரா, மேலைக் கடலோரத்துத் திருவஞ்சைக்களமா எனப் புலவர் நெடுங்காலம் வாதிட்டனர். புகழூர்க் குன்றிலுள்ள சேரர் கல்வெட்டுகளும், அமராவதி மணலிற் கிடைத்த சேரர் காசுகளும் நம் மனத்தைக் கருவூர்ப் பக்கமே சாய்க்கின்றன.

ஆயின் அந்தப் பூ எது? வஞ்சிக்கொடி என்று பாடிப் பழகிவிட்டமையால், நாமும் பள்ளியிற் கொடியென்றே எழுதி மதிப்பெண் பெற்றோம்! பிரம்பு என்பாரும் உளர். தாவர நூலார் சிலரோ நீர்க்கரை மரமொன்றைக் காட்டுகின்றனர். தமிழில் அதற்கு ஆற்றுப்பாலை என்று பெயர். மலையாளத்திலோ ஆற்றுப்பால என்பதோடு வஞ்சி என்ற பெயரும் வழங்குகிறது. நாம் ஏட்டோடு விட்டுவிட்ட சொல்லை அண்டை வீட்டார் நாவில் வைத்துக் காத்தனர். அதனாலேயே மரமென்னும் கொள்கையை நாம் ஏற்கிறோம்.

கிரிக்கெட் மட்டைக்குரிய வில்லோ மரத்திற்கு இஃது உறவு. 1795-இல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கரைத் தாவர நூலில், ராக்ஸ்பர்க் என்பார் இதற்கு 'நான்கு வித்துடையது' எனப் பொருள்படும் லத்தீன் பெயர் சூட்டினார். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இலை நீண்டு ஒடுங்கி, அடிப்புறம் வெளிறியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக் கரைகளில் இதனைக் காணலாம். கிளையை ஒடித்து ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும். ஆதலின் கரை அரிப்பைத் தடுக்க ஏற்றது. விளார் கூடை முடையவும், தழை கால்நடைத் தீவனத்திற்கும், பட்டை தோல் பதனிடவும் பயன்படும்.

பட்டையைக் காய்ச்சலுக்கும் கொள்வர். இது வெறும் பாட்டி வைத்தியமன்று. இங்கிலாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், வில்லோப் பட்டைப் பொடியைக் குளிர்சுரம் கண்டோர்க்குக் கொடுத்துப் பார்த்து, 1763-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1828-இல் மியூனிச்சில் பூக்னர் அப்பட்டையின் கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்தார். அவ்வழி வந்த ஆராய்ச்சியே 1899-இல் ஆஸ்பிரினாக விற்பனைக்கு வந்தது. இரவுப் பணி முடித்துத் தலைவலியோடு வீடு திரும்பும் நம்மவர் அம்மாத்திரையை நன்கறிவர்.

விழாவிற்கு வரும் பெரியோர் எவரேனும் தம் ஊரில் இம்மரத்தை வேறு பெயரால் வழங்குவராயின், எமக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.