சுண்ணாம்பும் கைப்பழக்கமும்

மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கரிசல் வெளியும் எல்லைகளாக நிற்க, இடையே ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் சில மைல் தூரத்தில் அமைந்துள்ள இந்நிலப்பரப்பிலே, வீடு கட்டுவதற்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை ஒரு காலத்தில் மாட்டுவண்டி போய்த் திரும்பக்கூடிய தொலைவுக்குள்ளேயே கிடைத்து வந்தன. மலை கடுக்காயையும் மரத்தையும் தந்தது. பனை, கைமரத்தையும் கூரை ஓலையையும் கருப்பட்டியையும் தந்தது. குளத்து மண் செங்கல்லாயிற்று. கரிசலின் அடியிற் கிடந்த சுக்கான் கல் காளவாசலில் வெந்து சுண்ணாம்பாயிற்று.

ஏழையின் குடிலுக்கு மண்ணே போதுமானதாக இருந்தது. வரகு வைக்கோலைக் கலந்து மிதித்துப் புளிக்க வைத்த மண்ணை முழ உயரத்துக்கு ஒரு படை வைத்து, அது காய்ந்து இறுகிய பின்னரே அடுத்த படையை ஏற்றுவார்கள். அவசரப்பட்டவன் சுவர் அடுத்த மழைக்கு நிற்பதில்லை. வசதி படைத்தோரும் கோயிலாரும் சுண்ணாம்பை நாடினர். பதினொரு நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்திரசாயி கோயிற் கோபுரம், அடித்தளம் கல்லாயினும், மேல்நிலைகளிற் செங்கல்லும் சுதையும் கொண்டு எழுந்ததே. திருமலை நாயக்கர் பெயரால் அவ்வூரில் வழங்கும் அரண்மனையும் அந்தச் சுண்ணாம்புக் காரையின் வலிமைக்கே சாட்சி கூறுகிறது.

அக்காரையைப் பக்குவப்படுத்தும் முறை பொறுமையையே மூலதனமாகக் கொண்டது. சுட்ட கல்லை நீரிலிட்டு நீற்றி, குழியிற் பல நாள் ஊறவிட்டு, மணலோடு சேர்த்து, வட்டமாக வெட்டிய பள்ளத்தில் மாடுகள் இழுக்கும் கல்லுருளையால் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டு இளக்குவார்கள். பூசிய சுண்ணாம்பு, சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து ஆண்டுக்கணக்காக மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது என்று இன்றைய ரசாயன சாஸ்திரம் கூறும் உண்மையை, அக்காலத்துக் கொத்தனார் சூத்திரமாக அறியாவிடினும் அநுபவமாக அறிந்திருந்தார்.

கட்டை குத்திய மாடித் தளத்தை எடுத்துக் கொள்வோம். உத்தரங்களின்மேற் சிறு செங்கற்களை நெற்றியில் நிறுத்தி மூலைவாட்டாக அடுக்கி, அதன்மேற் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பியபின், சித்தாள் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கடுக்காய் நீரைத் தெளித்தபடி, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அடிக்கும் கட்டை தளத்திற் பதியாமல் துள்ளி எழும்பும் வேளையே வேலை முடிந்ததற்கு அடையாளம். அதைச் சொல்ல ஒரு கருவியும் வேண்டியதில்லை, தட்டுகிறவளின் மணிக்கட்டே சொல்லிவிடும்.

இவ்வித்தைக்குப் பள்ளிக்கூடம் இருந்ததில்லை. மணல் சலிக்கவும் குழி கிளறவும் வந்த பையன், கொத்தனாரின் கரண்டியையும் தூக்குக்குண்டையும் மணியாசுக் கட்டையையும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே, காரை எப்போது பதமாகும், சுவர் எப்போது அடுத்த பூச்சைத் தாங்கும் என்பவற்றைக் கண்ணாலும் கையாலும் கற்றுக்கொண்டான்.

1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட், இந்தப் பரம்பரையின் போக்கையே மாற்றிற்று. 1936-இல் இராஜபாளையத்தில் நூற்பாலை நிறுவிய பி. ஏ. சி. இராமசாமி ராஜாவே 1957-இல் மதராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தையும் தோற்றுவித்தார். அதன் ஆலை விருதுநகரை அடுத்த துலுக்கப்பட்டியில் எழுந்தது. சுமார் 900 பாகை வெப்பத்தில் சுண்ணாம்பாகும் அதே இனத்துக் கல், களிமண்ணோடு சேர்ந்து சுமார் 1,450 பாகையில் வெந்து சிமெண்டாகிறது. சில மணி நேரத்தில் இறுகும் பொருள் கைக்கெட்டிய பின், நாள் கணக்கிற் கட்டை தட்டக் கூலி கொடுப்பார் யார்? அணைகளும் பாலங்களும் ஏழைக்கு உறுதியான கூரையும் அதனாற் கிடைத்தன என்பதை மறுப்பதும் நியாயமன்று. ஆயினும், பழஞ்சுண்ணாம்புச் சுவரின்மேற் சிமெண்டைப் பூசினால் உள்ளீரம் வெளியேற வழியின்றி, பூச்சும் உப்பி உதிர்ந்து, செங்கல்லும் அரிக்கப்படுவதைப் பழைய கட்டடங்களிற் பிரத்தியட்சமாகக் காண்கிறோம்.

சுற்றுவட்டாரத்தில் ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை வாழ்நாள் விரதமாகக் கொண்டவர், திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டடக் கலை பயிற்றுவிக்கப்படுகிறது. பல தேசத்து இளைஞர் அங்கே வந்து, மண்ணைக் குழைத்துக் கற்றுச் செல்கின்றனர். பிற இடங்களிற் பாடமாக வகுத்துக் கற்பிக்கப்படும் இவ்வறிவு, நம் ஊர்களில் வயது முதிர்ந்த கொத்தனார்களின் கைகளில் இன்னும் எஞ்சியிருக்கிறது. கோயில் திருப்பணி நடத்துவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் அவர்களைத் தேடி அழைத்து, ஒவ்வொரு வேலையிலும் இரண்டு இளைஞரையேனும் உடன் நிறுத்திக் கூலி கொடுத்துப் பழக்க வேண்டும். கையால் வந்த வித்தையைக் கையால்தான் காப்பாற்ற முடியும். புத்தகத்தில் எழுதி வைத்தால் மட்டும் போதாது.